வலம்புரி பம்ப்

2012ஆம் ஆண்டு தஞ்சாவூரில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் இல்லை. குறுவைச் சாகுபடி போன இடம் தெரியவில்லை. இத்தனை இல்லாமைக்கு நடுவிலும் லட்சுமி மட்டும் ஊருக்குள் வரத் தயாராக நின்றாள். ஒரே ஒரு தடைதான். வீட்டு மீன்தொட்டிகளில் தண்ணீர் தப்பான பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் 'ஜலவாஸ்து ரத்னா' டாக்டர் சாரங்கபாணி. எந்தப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாவம், அவருக்கும் தெரியாது. மூன்று வருடங்களுக்கு முன்பு அவர் காந்தப் படுக்கை விற்றுக்கொண்டிருந்தார். படுத்தால் சர்க்கரை நோய் போகும் என்றார். படுத்தவர்களின் சேமிப்புதான் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே தஞ்சாவூர்க் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில் செருப்பு விட இடமில்லை. 'இலவச நீர்வாஸ்து முகாம்' என்று பேனர் தொங்கியது. இலவசம் என்றால் நம் ஆட்கள் காது குத்திக்கொள்ளக்கூட வரிசையில் நிற்பார்கள். அன்று அதற்குத்தான் நின்றார்கள்.

வந்திருந்தவர்கள் ஒன்றும் உலகம் தெரியாதவர்கள் இல்லை. சிங்கப்பூரில் கப்பலுக்கு வெல்டிங் அடித்தவர்கள், துபாயில் நாற்பது மாடிக் கட்டடம் எழுப்பியவர்கள், மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டியவர்கள். ஊர் திரும்பி மாடிவீடு கட்டி, ஹாலில் கடல் தொட்டி வைத்திருந்தார்கள். நல்ல தண்ணீரில் தங்கமீன் விடுகிற தொட்டி இல்லை இது. உப்புநீர், பவளப்பாறை, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், விரல்களை விரித்து ஆடுகிற கடல்சாமந்தி. கடலில் போலவே தொட்டிக்குள்ளும் தண்ணீர் ஓயாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். அசைவு நின்றால் உள்ளே இருப்பவை மூச்சு முட்டிச் சாகும். அந்த அசைவைத் தருவது தொட்டிக்குள் முழுகிக் கிடக்கும் சின்ன பம்ப். உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கையில்தான் சாரங்கபாணி எல்லோருக்கும் ரேகை பார்த்தார்.

"வயல்ல போர் மோட்டார் வெச்சிருக்கறவங்க கை தூக்குங்க!" என்று மைக்கில் கேட்டார். பாதி மண்டபம் கை தூக்கியது.

"லைன்ல பேஸ் மாறிப்போச்சுன்னா மோட்டார் எப்படி ஓடும்?"

"ரிவர்ஸ்ல ஓடும்!"

"தண்ணி வருமா?"

"வராது!"

"அப்ப தொட்டியில தண்ணி ரிவர்ஸ்ல சுத்தினா லட்சுமி வருவாளா?"

"வரமாட்டா!" என்று மண்டபமே அதிர்ந்தது.

இரண்டு உண்மைகளை முன்னால் நிறுத்தி, மூன்றாவதாக ஒரு பொய்யை வரிசையில் சேர்த்துவிட்டார். பக்கத்தில் நின்ற தோஷத்தால் அதுவும் உண்மை போலவே தெரிந்தது.

மேடையில் இரண்டு வட்டக் கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் கறுப்பு பம்ப், ஒன்றில் தங்க நிற பம்ப். இரண்டிலும் ரோஜா இதழ்களைத் தூவினார். கறுப்பு பம்ப் இருந்த தொட்டியில் இதழ்கள் இடமாகச் சுற்றின. தங்க பம்ப் இருந்த தொட்டியில் வலமாகச் சுற்றின. "இடம்புரி... வலம்புரி..." என்று சாரங்கபாணி மூச்சுக்காற்றில் சொன்னார். முன்வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வலம்புரி பம்ப்பின் விலை ஆறாயிரத்து ஐந்நூறு. சாரங்கபாணி மத வேறுபாடு பார்க்காத மனிதர். இந்துக்களுக்குத் தங்க ஸ்டிக்கரில் 'வலம்புரி பம்ப்', கிறிஸ்தவர்களுக்கு நீல ஸ்டிக்கரில் 'ஆசீர்வாத பம்ப்', முஸ்லிம்களுக்குப் பச்சை ஸ்டிக்கரில் 'பரக்கத் பம்ப்'. எம்மதமும் சம்மதம், ரொக்கம் மட்டும் கட்டாயம்.

அன்று தங்க பம்ப் வாங்கியவர்களில் வலங்கைமான் தியாகராசனும் ஒருவர். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பத்தொன்பது வருடம் உழைத்தவர். அங்கே முதலாளியின் அறையில் இருந்த கடல் தொட்டியைத் துடைக்கும் வேலையும் அவருக்குத்தான். துடைத்துத் துடைத்து அதன்மேல் அப்படி ஒரு ஆசை. ஊருக்குத் திரும்பும்போது நகை வாங்கினாரோ இல்லையோ, இரண்டு நல்ல பம்ப்புகளைச் சட்டைத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே சுவரில் ஐந்தடி நீளத்துக்குத் தொட்டி. இரண்டு பக்கமும் கண்ணாடி. வேதாரண்யத்திலிருந்து கேன் கேனாகக் கடல்நீர் வரும். கரண்ட் போனால் பம்ப் இன்வெர்ட்டரில் ஓடும். ஒரு ஜோடிக் கோமாளி மீன்கள் இரண்டு வருடமாக அதில் நன்றாகவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

சாரங்கபாணி நேரிலேயே வீட்டுக்கு வந்தார். நூலில் கட்டிய பித்தளைக் குண்டு ஒன்றைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டார். குண்டு இடமாக ஆடியது. முகத்தில் துக்கவீட்டுக் களை.

"இந்த சிங்கப்பூர் பம்ப் ரெண்டும் இடம்புரி தியாகராசன். பத்தொம்பது வருஷம் சம்பாரிச்சது கையில தங்கலைல்ல?"

தியாகராசன் ஆடிப்போனார். மாடிவீடு கட்டிய பணம் கையில் தங்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கப் பித்தளைக் குண்டு எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. சிங்கப்பூர் பம்ப்புகள் இரண்டும் வெளியே வந்தன. தங்க பம்ப் உள்ளே போனது. ஹாலில் நின்று பார்த்தால் பம்ப்பைச் சுற்றித் தொட்டிநீர் மேலே வலப்பக்கம் ஓடி, கீழே இறங்கித் திரும்பி, வலமாகச் சுற்றியது.

அடுப்படியிலிருந்து தியாகராசனின் மனைவி தர்மாம்பாள் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க டாக்டரு, ஹால்லேர்ந்து பாத்தா வலமா சுத்துது, சரி. நான் இந்தப் பக்கம் நின்னு பாக்குறேன், இடமால்ல சுத்துது? அப்ப ஹால் வழியா வர்ற லட்சுமி அடுப்படி வழியா போயிடுவாளா?"

சாரங்கபாணி சிரித்தார். "பொம்பளைங்க சமையல்கட்டுல நின்னுக்கிட்டு சாஸ்திரம் பாக்கப்படாதும்மா."

தியாகராசனும் சேர்ந்து சிரித்தார். தர்மாம்பாளுக்கு டாக்டரின் சிரிப்பு உறைக்கவில்லை. புருஷனின் சிரிப்புதான் உறைத்தது.

மூன்றாம் நாள் தொட்டியின் மேல் எண்ணெய் போல ஒரு படலம் கட்டியது. ஐந்தாம் நாள் கடல்சாமந்தி விரல்களை மடக்கிச் சுருங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்பதாம் நாள் காலை, ஜோடியில் பெரிய மீன் பாறை இடுக்கில் செத்துக் கிடந்தது. தியாகராசன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு சாரங்கபாணிக்குப் போன் போட்டார்.

"வாழ்த்துகள் தியாகராசன்!" என்றது போன். "உங்களுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிருக்கு. பம்ப் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மீன் பிழைத்தால் பம்ப்பின் மகிமை. மீன் செத்தால் அதுவும் பம்ப்பின் மகிமை. இந்த மாதிரி ஒரு கேரண்டியை எந்தக் கம்பெனியும் தந்ததில்லை.

அதே போனில் இன்னொரு செய்தியும் வந்தது. வலங்கைமான் வட்டாரத்துக்கு ஏஜென்சி. டெபாசிட் ஐந்து லட்சம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பத்து ஏஜென்ட்களுக்கு மாலை மரியாதை. கண்டம் நீங்கிய மகிழ்ச்சியில் தியாகராசன் சரி என்றுவிட்டார். கையில் ஐந்து லட்சம் இல்லை. ஆனால் தர்மாம்பாளின் பேரில், அவர் அப்பா எழுதிவைத்த இரண்டு மா நிலம் இருந்தது. வாங்க ஆளும் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"ஒரே வருஷம்மா. பத்து மா வாங்கிப் போடறேன்" என்றார்.

தர்மாம்பாள் முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கி முடித்தார்.

"பத்தொம்பது வருஷம் நீங்க அங்க இருந்தீங்க. நான் இங்க அந்த நெலத்தோடதான் இருந்தேன். நடவுக்கு ஆள் புடிச்சதும் நான்தான், மடைக்குச் சண்டை போட்டதும் நான்தான். வித்துடலாம்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டீங்க." முறத்தைக் கீழே வைத்தார். "சரி, கையெழுத்து போடறேன். அந்த பம்ப்பை ஒருநாள் குடுங்க."

"எதுக்கு?"

"அஞ்சு லட்சத்துக்குச் சரக்கு எடுக்கப்போறோம். உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?"

பழைய சிங்கப்பூர் பம்ப் ஒன்றை மறுபடி தொட்டியில் போட்டுவிட்டு, இன்னொன்றையும் தங்க பம்ப்பையும் பையில் போட்டுக்கொண்டு தர்மாம்பாள் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர் விண்ணரசி. ஐ.டி.ஐ. படித்தவர். சுற்றுவட்டார போர் மோட்டார்கள் எல்லாம் எரிந்துபோனால் அவர் கடையில்தான் வந்து இறங்கும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். திங்கள் முதல் சனி வரை டெஸ்டரை மட்டும் நம்புவார்.

தங்க பம்ப்பை மீட்டரில் மாட்டிப் பார்த்ததுமே விண்ணரசி உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்டிக்கர்ல நாப்பது வாட்டுன்னு போட்டிருக்கு. எட்டுதான் இழுக்குது. இதை அஞ்சடித் தொட்டியில போட்டா ஒரு மூலைக்கு வர்ற தண்ணி இன்னொரு மூலைக்குப் போகாதுக்கா. மீன் எப்படிப் பொழைக்கும்?"

பிறகு முன்மூடியைக் கழற்றினார். உள்ளே சுண்டுவிரல் அளவு காந்தம், அதன் தலையில் சின்ன விசிறி. ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து, விசிறி மேலே பார்க்கும்படி பம்ப்பைப் படுக்க வைத்தார். மேலே ஒரு கைப்பிடி உமியைத் தூவிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். உமி வலமாகச் சுற்றியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். இடமாகச் சுற்றியது. மறுபடி போட்டார். இடம். மறுபடி. வலம்.

"என்னடி இது, குடிகாரன் மாதிரி?" என்றார் தர்மாம்பாள்.

"இந்த ரக பம்ப் எல்லாமே இப்படித்தான்க்கா. போர் மோட்டார் வேற, இது வேற. கரண்ட் வர்ற நொடியில காந்தம் எப்படி நிக்குதோ அதைப் பொறுத்து ஏதோ ஒரு பக்கம் கெளம்பும். விசிறி எந்தப் பக்கம் சுத்தினாலும் தண்ணி வாய் வழியா ஒரே மாதிரிதான் வரும். தொட்டியில தண்ணி எந்தப் பக்கம் சுத்தணும்னா, அந்த வாயை எந்தப் பக்கம் திருப்பி வெக்கிறோமோ அந்தப் பக்கம் சுத்தும். அவ்வளவுதான் சாஸ்திரம்."

சிங்கப்பூர் பம்ப்பையும் அதே பேசினில் போட்டார். பத்து முறை போட்டாலும் பத்து முறையும் வலமாகவே கிளம்பியது. "இதுல எதிர்ப்பக்கம் போகாம இருக்க உள்ள ஒரு தடுப்பு வெச்சிருக்கான். அண்ணன் இடம்புரின்னு கழட்டிப் போட்டாரே, அதுதான் அசல் வலம்புரி."

தர்மாம்பாள் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அந்த மீன் செத்துப்போச்சு விண்ணரசி. ரெண்டு நாளா அவர் சரியா சாப்பிடலை. ஆனா வெளிய சொல்லமாட்டேங்கிறார்" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது தியாகராசன் எரிந்து விழுந்தார். "காயில் கட்டறவளுக்கு வாஸ்து தெரியுமா?"

"தெரியாது. டாக்டருக்குத் தெரியும்ல? ஞாயித்துக்கெழம மண்டபத்துல எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். அவர் பதில் சொல்லிட்டா அங்கயே பத்திரத்துல கையெழுத்து போடறேன்."

தியாகராசன் ஒத்துக்கொண்டார். டாக்டர் தோற்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த ஞாயிறு மண்டபத்தில் பத்து மாலைகள் தயாராக இருந்தன. சக்தியேற்றித் தருவதாக டாக்டர் சொல்லியிருந்ததால் வாங்கியவர்கள் எல்லோரும் பம்ப்போடு வந்திருந்தார்கள். ஏஜென்ட்கள் பத்துப் பேரும் இஸ்திரி போட்ட வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். தியாகராசன் பெயரைக் கூப்பிட்டதும் தர்மாம்பாளும் கூடவே மேடை ஏறினார்.

"ஐயா, கையெழுத்து போட வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். இந்த பம்ப் எப்பவும் வலமாத்தான் சுத்துமா?"

"எப்பவும்!" என்றார் சாரங்கபாணி மைக்கில். "உலகம் உள்ளவரைக்கும்!"

"அப்ப மூடியைக் கழட்டிட்டு எல்லாருக்கும் காட்டுவோமா?"

விண்ணரசி பேசினோடும் உமியோடும் மேடைக்கு வந்தார். சாரங்கபாணியின் முகம் மாறியது.

"நீ யாரும்மா? எந்தச் சாமி கும்பிடற?"

"நான் கும்பிடறது மாதா. இங்க ஓடப்போறது மோட்டார். ரெண்டையும் குழப்பாதீங்க."

"நம்பிக்கை இல்லாதவங்க தொட்டா சக்தி வேலை செய்யாது!"

"நான் தொடலை. நம்பிக்கை உள்ளவங்களே தொடட்டும்" என்று விண்ணரசி ஸ்விட்ச் பெட்டியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரெத்தினம் என்கிற விவசாயி எழுந்து வந்தார். அவரும் தங்க பம்ப் வாங்கியவர். ஸ்விட்சைப் போட்டார். உமி வலமாகச் சுற்றியது. மண்டபம் கைதட்டியது. சாரங்கபாணி கண்ணை மூடி இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"அணைச்சுட்டு இன்னொரு தடவை போடுங்க" என்றார் விண்ணரசி.

ரெத்தினம் போட்டார். இடம்.

கைதட்டல் பாதியில் நின்றது. அடுத்து ஒருவர் வந்தார். இடம். அடுத்தவர். வலம். அடுத்தவர். இடம். உயர்த்திய கைகளைச் சாரங்கபாணி எப்போது இறக்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை. பத்துப் பேர் போட்டு முடித்தபோது நான்கு வலம், ஆறு இடம்.

ரெத்தினம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏய்யா டாக்டரு! நேத்து மட்டும் எங்க வீட்ல ஒம்போது தடவை கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. அப்ப லட்சுமி ஒம்போது தடவை வீட்டுக்குள்ள வந்து வந்து வெளிய போயிருக்காளா? ஒரு வாய் காபிகூடக் குடுக்கலையேய்யா நாங்க!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"இது மின்வாரியத்தோட கோளாறு! இந்தக் கரண்ட்டே சுத்தமில்லை!" என்று சாரங்கபாணி கத்தினார். அந்த வருடம் மின்வாரியத்தின் மேல் யாரும் என்ன பழி போட்டாலும் ஜனங்கள் நம்புவார்கள். இதை மட்டும் நம்பவில்லை.

விண்ணரசி மேடையில் இருந்த வட்டத் தொட்டிகளுக்குப் போனார். தங்க பம்ப்பின் வாயை ஒற்றை விரலால் மறுபக்கம் திருப்பினார். ரோஜா இதழ்கள் தயங்கி நின்று, பிறகு இடமாகச் சுற்ற ஆரம்பித்தன. கறுப்பு பம்ப்பின் வாயைத் திருப்பினார். இதழ்கள் வலமாகச் சுற்றின. "விரல்தான் ரத்னா" என்றார்.

பின்வரிசையில் அஹமது கபீர் என்ற ஹார்டுவேர் கடைக்காரர், பெட்டியில் கொண்டுவந்திருந்த தன் பச்சை பம்ப்பைச் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பச்சைக்கு அடியில் கறுப்பு. கறுப்பின் மேல் அச்சடித்த சின்ன எழுத்து: எட்டு வாட். "என் மச்சான் சென்னையில கொளத்தூர் மீன்கடையில இதே பம்ப்பை முந்நூறு ரூபாய்க்கு வாங்கினான்" என்று எழுந்து நின்று சொன்னார். உடனே மண்டபம் முழுக்கச் சுரண்டல் சத்தம். தங்கம், நீலம், பச்சை எல்லாம் உதிர்ந்து ஒரே கறுப்பானது. மதநல்லிணக்க மாநாடுகள்கூட அவ்வளவு விரைவில் அந்த ஒற்றுமையைக் கண்டதில்லை.

தியாகராசன் அதுவரை அசையாமல் நின்றிருந்தார். பேசினிலிருந்த தங்க பம்ப்பை எடுத்து, நகத்தால் ஸ்டிக்கரைப் பிரித்தார்.

"என் மீன் எதுனால செத்துச்சு டாக்டர்?"

"தியாகராசன், நாம தனியா உக்காந்து பேசுவோம்..."

"கண்டம் வந்துச்சுன்னீங்களே. எனக்கா வந்துச்சு? ஓடிக்கிட்டிருந்த நல்ல பம்ப் ரெண்டையும் என் கையாலதானே கழட்டினேன். மூச்சு முட்டி செத்திருக்கு." பிரித்த ஸ்டிக்கரைக் கசக்கினார். "பத்தொம்பது வருஷம் மிஷினோட வேலை பாத்தவன் நான். மூடியைக் கழட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணலையே!"

தர்மாம்பாள் பத்திரத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, தியாகராசனின் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தார்.

சாரங்கபாணி பந்தி நடக்கும் கூடத்தின் பின்வாசல் வழியாகப் போகப் பார்த்தார். அங்கே சமையல்காரர்கள் நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் காந்தப் படுக்கை வாங்கியவர்கள். அன்று மாலை காவல் நிலையத்தில், பில் வைத்திருக்கும் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தார். பில்லை அவர் யாருக்குமே தந்ததில்லை.

சிங்கப்பூர் பம்ப்புகள் இரண்டும் தொட்டியில் எதிரெதிர் மூலைகளில் பழையபடி ஓடத் தொடங்கின. பத்து நாளில் கடல்சாமந்தி விரித்துக்கொண்டது. ஒற்றை மீன் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்த தையில் தியாகராசன், ஏஜென்சி எதுவும் இல்லாமல், விண்ணரசியின் கடைக்குப் பக்கத்திலேயே தொட்டிச் சாமான் கடை போட்டார். பம்ப் கேட்டு வருபவர்களிடம் ஒரு வாளியையும் கைக்கடிகாரத்தையும் கொடுத்துவிடுவார்.

"வாளி எத்தனை நொடியில ரொம்புதுன்னு நீங்களே பாருங்க. எத்தனை வாட் இழுக்குதுன்னு மீட்டர்ல பாருங்க. காதை வெச்சு கடகடன்னு சத்தம் வருதான்னு கேளுங்க. விசிறி உடைஞ்சா தனியா கெடைக்குமான்னு என்னைக் கேளுங்க. கெடைக்கலைன்னா வாங்காதீங்க. பெரிய பம்ப் ஒண்ணைவிட சின்னது ரெண்டு நல்லது. ஒண்ணு நின்னாலும் மீன் பொழைக்கும்."

ஒருநாள் சீர்காழியிலிருந்து ஒருவர் வந்தார். வாளியை நிரப்பினார், மீட்டரைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சரிங்க. சிவப்புக் கலர்ல இருந்தா செவ்வாய் தோஷத்துக்கு நல்லதுங்கறாங்களே?"

தியாகராசன் வாளியில் இருந்த தண்ணீரைத் தெருவில் கொட்டினார். "மறுபடியும் மொதல்லேர்ந்து ரொப்புங்க" என்றார்.

சீர்காழிக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. உப்புப் படிந்து பம்ப் அடைத்துக்கொண்டால் வினிகரில் ஊறப்போட்டுக் கழுவி மறுபடி ஓட்டிவிடலாம். மூளைக்கு அந்த வசதி கிடையாது. அதை ஒருநாளும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். உங்களுடையது கடைசியாக எப்போது ஓடியது?